இணையத்தின் எண்களைக் காத்தவர்

இணைய வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் ஜோன் போஸ்டல். நான் அவரைத் தேடிப் படித்ததற்குக் காரணம், ஒரு செயலியில் வந்த சிக்கல்.

போஸ்டல் 1943இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிறந்தார். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969இல் உருவானபோது, லாஸ் ஏஞ்சலிஸில் அவர் பட்டமேற்படிப்பு மாணவர். எந்தச் சேவைக்கு எந்த எண் என்று யாராவது குறித்து வைக்கவேண்டியிருந்தது. பெயரும் புகழும் தராத அந்த வேலையை அவர் ஏற்றார். இணைய நெறிமுறைகளை விளக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களையும் இறுதிவரை பதிப்பித்தார்.

1980இல் யுடிபி நெறிமுறைக்கான ஆவணத்தை எழுதினார். மூன்றே பக்கங்கள். அனுப்பிய செய்தி போய்ச் சேரும் என யுடிபி உறுதி தருவதில்லை. சேராவிட்டால் அறிவிப்பதும் இல்லை.

எங்கள் சிக்கலும் இதில்தான் இருந்தது. ஒரே வைஃபையில் உள்ள திறன்பேசிகள் ஒன்றையொன்று கண்டறியும் செயலியை எங்கள் குழு உருவாக்கியது. சில நிமிடங்களில் தேடல் நின்று, பட்டியல் வெறுமையாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இத்தேடல் எம்டிஎன்எஸ் நெறிமுறைப்படி யுடிபி வழியே நடக்கிறது. கருவியின் முகவரிக் குறிப்புக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஆயுள் 120 விநாடிகள். அதற்குள் மறுபதில் வராவிட்டால் குறிப்பு காலாவதியாகும்.

மடிக்கணினியில் வையர்ஷார்க் மென்பொருளைத் திறந்து, எம்டிஎன்எஸ்ஸுக்குரிய 5353 என்ற போர்ட் எண்ணைக் கொண்டு செய்திகளை வடிகட்டினோம். பதில்கள் வைஃபையில் வந்துகொண்டுதான் இருந்தன, செயலியைத்தான் எட்டவில்லை. பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் போகும் மல்டிகாஸ்ட் செய்திகளை, மின்கலத்தைச் சேமிப்பதற்காகத் திறன்பேசி தடுத்துவிடுகிறது. ஆண்ட்ராய்டில் அவற்றைப் பெற, செயலி மல்டிகாஸ்ட் பூட்டைக் கேட்டு வாங்கவேண்டும். அதைச் சேர்த்தோம். செயலி பின்னணிக்குப் போய்த் திரும்பும்போது தேடலைப் புதிதாகத் தொடங்கவும் செய்தோம். பட்டியல் நிலைத்தது.

அந்த 5353, போஸ்டல் தொடங்கிய எண் பதிவேட்டின் தொடர்ச்சியில் வழங்கப்பட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே எண்ணில் பேசுவதால்தான் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. எண்ணை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டால், பக்கத்து மேசையில் உள்ள திறன்பேசிகூடத் தெரியாது.

போஸ்டல் 1998 அக்டோபர் 16ஆம் நாள், 55 வயதில் காலமானார். நான் அப்போது பிறக்கவே இல்லை. நண்பர்களே, உங்கள் செயலி காரணம் சொல்லாமல் நின்றால், நிரலை மாற்றும் முன் அந்த மூன்று பக்கங்களைப் படியுங்கள். நெறிமுறை எதற்கு உறுதி தரவில்லை என்று தெரிந்தாலே, எங்கே தேடுவது என்பது புரிந்துவிடும்.