அபராதம் கட்டாத ஆசிரியை



தேர்தல் நாளில் உங்கள் அம்மாவோ பாட்டியோ ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, விரலில் வைத்த மையைக் காட்டியிருப்பார்கள். ஓட்டுப் போட்டதற்காகவே ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? அது கள்ள ஓட்டு இல்லை. தன் சொந்தப் பெயரில், தன் சொந்த ஊரில் போட்ட ஓட்டு. 1872ஆம் ஆண்டில், மக்களாட்சிக்குப் பேர்போன அமெரிக்காவில்தான் இது நடந்தது. அந்தப் பெண்மணியின் பெயர் சூசன் பி. அந்தோணி.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆடம்ஸ் என்ற சிற்றூரில், 1820 பிப்ரவரி 15 அன்று சூசன் பிறந்தார். அப்பா டேனியல் பருத்தி ஆலை நடத்தி வந்தார். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவினரின் கூட்டங்களில் பெண்களும் எழுந்து பேசலாம். ஆனால் வெளியுலகம் வேறு மாதிரி இருந்தது. சூசன் சிறுமியாக இருந்தபோது, பள்ளியில் நீள் வகுத்தல் கணக்கை அவருக்குச் சொல்லித்தர ஆசிரியர் மறுத்துவிட்டார். பெண் பிள்ளைக்கு அது தேவையில்லையாம்! (ஆசிரியர் தொழில் பார்த்த எனக்கு இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.) அப்பா உடனே மகளை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார்.

1837ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி வந்தது. அப்பாவின் ஆலை மூழ்கியது. கடனுக்காக வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். துணிமணிகள்கூட ஏலப் பட்டியலில் இருந்தன. அம்மா தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்த பொருள்களும் அதில் சேர்ந்தன. ஏனென்றால் அன்றைய சட்டப்படி மனைவியின் உடைமை எல்லாம் கணவனுக்கே சொந்தம். நல்ல வேளையாக, மாமா ஒருவர் முக்கியமான சாமான்களை ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

குடும்பத்துக்கு உதவ சூசன் ஆசிரியை ஆனார். வாரம் இரண்டரை டாலர் சம்பளம். அதே வேலையைச் செய்த ஆண்களுக்கு 10 டாலர்!

1853ல் ராச்செஸ்டர் நகரில் ஆசிரியர் மாநாடு ஒன்று நடந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் மேடையில் பேசியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். வக்கீல், மருத்துவர் தொழில்களுக்கு இருக்கும் மதிப்பு ஆசிரியர் தொழிலுக்கு ஏன் இல்லை என்று அவர்கள் விவாதித்துக் கொண்டிருந்தார்கள். சூசன் எழுந்து, தானும் பேச வேண்டும் என்றார். மண்டபமே திகைத்துப் போனது. ஒரு பெண்ணைப் பேச விடலாமா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. அவ்வளவு நேரமும் சூசன் நின்றுகொண்டே இருந்தார். உட்கார்ந்தால் வாய்ப்புப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

அனுமதி கிடைத்ததும் சுருக்கமாகப் பேசினார். வக்கீல் ஆகவும் மருத்துவர் ஆகவும் பெண்ணுக்கு மூளை போதாது, ஆசிரியை ஆக மட்டும் போதும் என்று சொல்கிறீர்கள். அப்படியானால் ஆசிரியராக இருக்கும் ஆணும் தனக்குப் பெண்ணை விட அதிக மூளை இல்லை என்று ஒப்புக்கொள்கிறார் அல்லவா என்று கேட்டார். சில ஆண்கள் வந்து கைகுலுக்கிப் பாராட்டினார்கள். பெண்களிலேயே பலர் முகம் சுளித்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1851ல், எலிசபெத் கேடி ஸ்டாண்டன் என்பவர் சூசனுக்கு அறிமுகமாகியிருந்தார். பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று 1848லேயே மாநாடு கூட்டிக் கேட்டவர் அவர். எழுத்தில் கெட்டிக்காரர். ஆனால் ஏழு குழந்தைகளுக்குத் தாய். வீட்டை விட்டு நகர முடியாது. சூசனுக்குத் திருமணம் ஆகவில்லை. ஊர் ஊராகப் போக முடியும். அதனால் சூசன் ஸ்டாண்டன் வீட்டுக்குப் போய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். ஸ்டாண்டன் உட்கார்ந்து சொற்பொழிவை எழுதுவார். அதை எடுத்துக்கொண்டு சூசன் புறப்படுவார். இந்த நட்பு ஐம்பது ஆண்டுகள் நீடித்தது.

அன்றைய நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மணமான பெண் வேலை செய்து சம்பாதித்தால் கூலி கணவன் கைக்குப் போகும். கணவன் குடிகாரனாக இருந்தால் அத்தனையும் சாராயக் கடைக்கு! இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டியது சட்டமன்றம். அதில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஆண்கள். ஓட்டு இல்லாத பெண்ணின் பேச்சை யார் கேட்பார்கள்? இப்படி ஓர் ஆட்சியா, போதுமடா சாமி என்று சூசன் ஒதுங்கியிருக்கலாம். அவர் அந்த ஆட்சியின் கதவையே தட்டினார். ஓட்டு இல்லாதவர்களும் மனுக் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. சரி, மனுக் கொடுப்போம் என்று கிளம்பினார்.

1854 கிறிஸ்துமஸ் நாளன்று வீட்டை விட்டுப் புறப்பட்டவர், நியூயார்க் மாநிலத்தின் 60 மாவட்டங்களில் 54 மாவட்டங்களைச் சுற்றி வந்தார். முழங்கால் அளவு பனியில், சறுக்கு வண்டிகளில் பயணம். பல வீடுகளில் முகத்தில் அறைவது போலக் கதவைச் சாத்தினார்கள். ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கிச் சட்டமன்றத்தில் கொடுத்தார்.

என்ன நடந்தது தெரியுமா? உறுப்பினர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 1856ல் அதை ஆராய்ந்த குழு ஓர் அறிக்கை தந்தது. மனுவில் கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர்கள் தங்கள் உடைகளை மாற்றிக்கொள்ளச் சட்டம் கேட்கட்டும் என்று அதில் கேலி செய்திருந்தார்கள்.

சூசன் மறுபடியும் மனுக் கொண்டு போனார். அடுத்த ஆண்டும் போனார். 1860ல் சட்டம் வந்தது. மணமான பெண் தன் கூலியைத் தானே வைத்துக்கொள்ளலாம்; குழந்தைகளுக்குத் தாயும் காப்பாளர் என்று ஆயிற்று. ஆனால் 1862ல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, சத்தமில்லாமல் அதில் ஒரு பகுதியை நீக்கிவிட்டார்கள். தாயின் காப்பாளர் உரிமை பறிபோனது. பாடுபட்டு வாங்கியதைப் பறிகொடுத்தால் எப்படி இருக்கும் சொல்லுங்கள்!

இந்தச் சமயத்தில் அடிமை முறையை ஒழிக்கவும் சூசன் உழைத்தார். போரின்போது ஸ்டாண்டனும் அவரும் சேர்ந்து ஏறக்குறைய நான்கு லட்சம் கையெழுத்துகள் திரட்டினார்கள். 1865ல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை தர அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. பெண்களுக்கு இப்போது இல்லை, பிறகு பார்க்கலாம் என்றார்கள் கூட இருந்த தலைவர்களே.

இங்கே சூசன் ஒரு தவறு செய்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். கோபத்தில் அந்தத் திருத்தத்தையே எதிர்த்தார். கறுப்பின ஆண்களைவிடப் படித்த பெண்களே தகுதியானவர்கள் என்ற பொருளில் பேசினார். பிரெடரிக் டக்ளஸ் என்ற பெரும் தலைவர், அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர், சூசன் குடும்பத்தின் நெடுநாள் நண்பர். 1869ல் நடந்த கூட்டத்தில் இருவரும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். பெண்கள் இயக்கமே இரண்டாக உடைந்தது. மீண்டும் ஒன்று சேர 21 ஆண்டுகள் ஆயின. நட்பு மட்டும் முறியவில்லை. 1895ல் டக்ளஸ் இறந்த அன்று பகலில், வாஷிங்டனில் நடந்த பெண்கள் கூட்டத்துக்கு அவர் வந்தபோது மேடைக்கு அழைத்துச் சென்றவர்களில் சூசனும் ஒருவர்.

இனி அந்த ஓட்டுக் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் பிறந்த எல்லாரும் குடிமக்கள் என்று 1868ல் வந்த சட்டத் திருத்தம் சொன்னது. பெண்ணும் குடிமகள்தானே, அப்படியானால் ஓட்டும் உண்டு என்பது சூசனின் வாதம். 1872 நவம்பர் 1 அன்று சகோதரிகளோடு ராச்செஸ்டரில் ஒரு முடிதிருத்தும் கடைக்குப் போனார். வாக்காளர் பெயரை அங்கேதான் பதிவு செய்து கொண்டிருந்தார்கள்! அதிகாரிகள் தயங்கினார்கள். சட்டத்தைப் படித்துக் காட்டி வாதாடினார். பெயர் பதிவாயிற்று. நவம்பர் 5 அன்று ஓட்டும் போட்டுவிட்டார். அதே பகுதியில் இன்னும் 14 பெண்கள் ஓட்டுப் போட்டார்கள்.

இரண்டு வாரத்தில் ஓர் அதிகாரி வீடு தேடி வந்தார். மிகவும் மரியாதையாக, நேரம் கிடைக்கும்போது அலுவலகத்துக்கு வாருங்கள் என்றார். ஓர் ஆணை இப்படித்தான் கைது செய்வீர்களா என்று கேட்டு, விலங்கு மாட்டக் கையை நீட்டினார் சூசன். போகிற வழியில் டிராம் வண்டி நடத்துநர் கட்டணம் கேட்டார். நான் அரசாங்கச் செலவில் பயணம் செய்கிறேன், இவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதிகாரியைக் காட்டினார்!

வழக்கு தொடங்கும் முன் அந்த மாவட்டத்தின் 29 ஊர்களிலும் பேசினார். ஊர்மக்கள் இவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று பயந்து வழக்கை அடுத்த மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1873 ஜூன் மாதம் விசாரணை நடந்தது. சூசனைச் சாட்சி சொல்ல விடவில்லை. முன்கூட்டியே எழுதி வைத்திருந்த தீர்ப்பை நீதிபதி எடுத்துப் படித்தார். ஜூரிகள் 12 பேர் கலந்து பேசி முடிவு சொல்ல வேண்டும் என்பது முறை. அவர்களைப் பேசவே விடாமல், குற்றவாளி என்று முடிவு செய்யும்படி உத்தரவிட்டார்.

கடைசியில் சம்பிரதாயமாக, சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டார். அதுதான் அவர் செய்த பிழை. சூசன் பேசத் தொடங்கினார். உட்காரும்படி நீதிபதி மீண்டும் மீண்டும் சொல்லியும் நிறுத்தவில்லை. அபராதம் 100 டாலர் என்றார் நீதிபதி. ஒரு டாலர்கூடத் தர மாட்டேன் என்றார் சூசன். சிறையில் போட்டால் உச்ச நீதிமன்றம் போகலாம் என்று அவர் காத்திருந்தார். நீதிபதியோ, பணம் கட்டும்வரை சிறை என்று உத்தரவிடாமல் விட்டுவிட்டார். அந்த வழியும் அடைபட்டது. அபராதத்தை அவர் கடைசிவரை கட்டவே இல்லை.

ஆனால் ஒரு கடனைக் கட்டினார். அவர் நடத்திய பத்திரிகை நொடித்துப் போனதில் 10,000 டாலர் கடன். ஊர் ஊராகச் சொற்பொழிவு ஆற்றி, 1876ல் முழுவதையும் அடைத்தார்.

1878ல், பெண் என்பதற்காக ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்ற திருத்தம் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. 1887ல் மேலவையில் வாக்கெடுப்பு. ஆதரவு 16, எதிர்ப்பு 34. தோல்வி! மாநிலங்களிலாவது வெல்வோம் என்று அலைந்தார். 70 வயதில் தெற்கு டகோட்டாவில் பிரசாரம், தோல்வி. 76 வயதில் கலிபோர்னியா; அங்கே மது வியாபாரிகள் திரண்டு எதிர்த்தார்கள்; தோல்வி. அதே நாளில் ஐடஹோ என்ற சிறிய மாநிலம் பெண்களுக்கு ஓட்டுத் தந்தது.

இடையில் 1900ல் இன்னொரு வேலை. 50,000 டாலர் திரட்டித் தந்தால் பெண்களைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றது ராச்செஸ்டர் பல்கலைக்கழகம். கெடு முடியும் நாளில் 8,000 டாலர் குறைந்தது. 80 வயது சூசன் வண்டி பிடித்து வீடு வீடாகப் போனார். கடைசி 2,000 டாலருக்குத் தன் ஆயுள் காப்பீட்டையே எழுதிக் கொடுத்தார். மாணவிகள் உள்ளே போனார்கள்.

1869 முதல் ஒவ்வொரு நாடாளுமன்றத்தின் முன்பும் போய்ப் பெண்களுக்காகப் பேசியவர் சூசன். 1906 மார்ச் 13 அன்று, 86 வயதில், அதே ராச்செஸ்டர் வீட்டில் காலமானார். அப்போது அமெரிக்காவில் பெண்களுக்கு முழு ஓட்டுரிமை இருந்தவை நான்கே மாநிலங்கள்.

1919ல் அந்தத் திருத்தம், 1878ல் எழுதிய அதே வாசகத்தோடு, நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 36 மாநிலங்கள் ஏற்க வேண்டும். 35 கிடைத்துவிட்டன. 1920 ஆகஸ்ட் 18 அன்று டென்னசி மாநிலச் சட்டமன்றம் கூடியது. எதிர்ப்பாளர்கள் பக்கம் இருந்தார் ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர். அவர் சட்டைப் பையில் அம்மாவின் கடிதம் இருந்தது. பெண்களுக்கு ஓட்டுப் போடு மகனே என்று அம்மா எழுதியிருந்தார். அவர் மனம் மாறி ஆதரித்தார். அவருடைய அந்த ஓட்டில் சட்டம் நிறைவேறியது! ஆனாலும் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் தடையின்றி ஓட்டுப் போட 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2020ல், திருத்தம் வந்த நூறாவது ஆண்டில், சூசனின் குற்றத்துக்கு அமெரிக்க அதிபர் மன்னிப்பு வழங்கினார். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்த மன்னிப்பு எங்களுக்கு வேண்டாம் என்று அதன் தலைவர் மறுத்துவிட்டார். குற்றமே செய்யாதவருக்கு மன்னிப்பு எதற்கு?

ராச்செஸ்டரில் மவுண்ட் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் சூசன் உறங்குகிறார். டக்ளஸின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் ஓட்டுப் போட்டவர்களுக்கு மைக்குப் பதிலாகப் பல இடங்களில் ஸ்டிக்கர் தருவார்கள். 2016 தேர்தல் நாளில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று, தங்கள் ஸ்டிக்கரைச் சூசனின் கல்லில் ஒட்டினார்கள். ஸ்டிக்கர் பசையால் பழைய கல் கெட்டுவிடக் கூடாது என்று, 2020 தேர்தலின்போது அதற்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டி வைத்தார்கள்.