இராமானுஜன் வாழ்வும் நான் கற்ற சார்பும்

முதலாண்டுக் கணிதத் தேர்வில் நான் தோற்றேன். சார்பின் பெயரை ஓர் எண்ணென மயங்கி, அதனை அடைப்புக்குறிக்குள் நின்ற எண்ணால் பெருக்கிவிட்டதே நான் செய்த பிழை. தலை குனிந்து, கோலார் தங்கவயலிலுள்ள எங்கள் சாம்பியன் ரீப்ஸுக்குத் திரும்பினேன்.

என் பாட்டனார் அவ்வூர்ச் சுரங்கத்தில் உழைத்தவர். 2001-இல் மூடப்பட்ட அச்சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். இறங்க இறங்கப் பாறை சுடும். அடியில் 60 பாகை செல்சியசையும் கடக்கும். ஆழத்தைச் சொன்னால் பாட்டனார் வெப்பத்தைச் சொல்லுவார். ஓர் ஆழத்திற்கு ஒரு வெப்பம். ஓர் எண்ணை இட்டால் விதிப்படி ஒரே விடை. சார்பு என்பது இதுதானன்றோ! இதிலே பெருக்கலுக்கு இடமேது?

அவ்விடுமுறையில்தான் சீனிவாச இராமானுஜனின் வரலாற்றைக் கருத்தூன்றிப் படித்தேன். 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவரும் தேர்வில் தோற்றவரே. கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டதால் எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டே அங்குச் சென்றார்.

அங்கு இருவரும் ஆராய்ந்தவற்றுள் ஒன்று பிரிவினைச் சார்பு. அதனை ‘ப’ என்போம். ஓர் எண்ணை எத்தனை வகையாகக் கூட்டி எழுதலாம் என்பதே அதன் விதி. 4 என்பதை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாக எழுதலாம். ஆகவே ப(4)=5. ப(2)=2, ப(3)=3; ஆயினும் ப(2+3) என்பது 5 அன்று. உள்ளே கூட்டி, ப(5) எனக் கொண்டு எண்ணினால் 7 கிடைக்கும். நான் எண்ணிப் பார்த்தே நம்பினேன்.

எண் பெரிதானால் இவ்வாறு எண்ணித் தீராது. 1918-இல் இருவரும் வெளியிட்ட வாய்பாடு அதற்கு வழி காட்டியது. மேக்மஹோன் என்பார் கையாலேயே கணக்கிட்டு ப(200) என்பது 39,72,99,90,29,388 எனக் கண்டிருந்தார். வாய்பாட்டின் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது வேறுபாடு 0.004 மட்டுமே! மேதையின் வாய்பாடும் எண்ணை இட்டுச் சோதித்த பின்னரே உறுதி பெற்றது.

அவ்வாண்டே இராயல் கழக உறுப்பினரான இராமானுஜன், 1919-இல் நோயுடன் தாயகம் திரும்பினார். 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் புதிய சார்புகளையே விளக்கினார். ஏப்ரல் 26-இல், 32 வயதில், சென்னையில் மறைந்தார்.

தோழர்களே, தோல்வி எவரையும் மேதையாக்கிவிடாது, நான் அறிவேன். ஆனால் சிறிய எண்ணை இட்டு, விதி சொல்வதைப் பொறுமையாய்ச் செய்து பார்க்க எவராலும் இயலும். அத்துணிவோடு மறுதேர்வுக்குச் செல்கிறேன்.