கடைசிக் கணத்து மீட்பு: டி. டபிள்யூ. கிரிஃபித்தின் வாழ்வும் மௌனப்படக் கதையமைப்பும்

முன்னுரை

மௌனப்படங்களின் கதைச்சுருக்கங்களை இன்று படிப்போர்க்கு அவை பெரும்பாலும் நகைப்பையே தருகின்றன. ஏமாற்றப்பட்ட ஏழைப்பெண், அவளைக் கைவிடும் செல்வந்தன், பனிப்புயலில் வெளியேற்றம், இறுதியில் ஓடிவரும் காதலன் என்னும் வாய்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டு மேடையிலிருந்து திரைக்கு வந்தது. மேலைநாட்டார் மெலோடிராமா என்பதனை நாம் மிகையுணர்ச்சி நாடகம் என வழங்குகிறோம். மிகை என்னும் அடையே ஆய்வு தொடங்குமுன் தீர்ப்பை எழுதிவிடுகிறது. அமெரிக்க இயக்குநர் டேவிட் வார்க் கிரிஃபித்தின் (1875-1948) வாழ்வைத் தொடர்ந்து நோக்குமிடத்து, இவ்வகைக் கதையின் ஆற்றலும் அது விளைத்த கேடும் ஒரே உறுப்பிலிருந்து பிறந்தவை என்பது புலனாகிறது. ஆபத்தில் சிக்கியவரைக் கடைசிக் கணத்தில் வந்து காத்தல் என்பதே அவ்வுறுப்பு. அதனை மையமாகக் கொண்டு அவர்தம் வாழ்வை எடுத்துரைக்க இக்கட்டுரை முனைகிறது.

கென்டக்கியிலிருந்து மேடைக்கு

கிரிஃபித் 1875 சனவரி 22 அன்று கென்டக்கி மாநிலத்தின் ஓல்டாம் மாவட்டத்தில் பிறந்தார். தந்தை ஜேக்கப் வார்க் கிரிஃபித், அடிமைமுறையைக் கைவிட மறுத்துப் பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் படையில் கர்னலாக உள்நாட்டுப் போரில் பங்கேற்றவர். 1865இல் தெற்கு தோற்றது. ஆயினும் அத்தோல்வியை ஓர் உயரிய நாகரிகத்தின் வீழ்ச்சியாகவும், தோற்றவர்களைக் குற்றமற்ற பலிகளாகவும் எடுத்துரைக்கும் வழக்கம் அத்தகைய வீடுகளில் நெடுங்காலம் நீடித்தது. சிறுவன் கிரிஃபித் கேட்டு வளர்ந்த முதல் மிகையுணர்ச்சிக் கதை இதுவே எனலாம்.

1885இல் தந்தை மறைந்தபோது மகனுக்கு வயது 10. கடன் மிஞ்சியது. லூயிவில் நகருக்குப் பெயர்ந்த குடும்பத்தில் தாய் தொடங்கிய தங்கும் விடுதியும் நிலைக்கவில்லை. கடைகளில் வேலைசெய்த இளைஞர் பின்னர் ஊர்சுற்றும் நாடகக் குழுக்களில் லாரன்ஸ் கிரிஃபித் என்னும் பெயரில் நடிக்கலானார். நடிகராக அவர் பெயர்பெறவில்லை. 1907இல் மேடையேறிய அவருடைய நாடகமும் விரைவில் நின்றுபோயிற்று. எனினும் சிற்றூர் அரங்குகளில் எவ்விடத்தில் மக்கள் அழுவர், எவ்விடத்தில் மூச்சடக்குவர் என்னும் அறிவை இவ்வாண்டுகளே அவர்க்கு அளித்திருத்தல் வேண்டும். கதை விற்கத் திரைப்பட நிறுவனங்களை நாடிய அவர் 1908இல் பயோகிராஃப் நிறுவனத்தில் இயக்குநரானார். 1913 வரை ஏறத்தாழ 450 குறும்படங்களை அங்கு எடுத்தார். பெரும்பாலானவற்றுக்கு பில்லி பிட்ஸர் ஒளிப்பதிவாளர்.

கதவின் இருபுறம்

1909இல் வெளிவந்த ‘தி லோன்லி வில்லா’ ஒரே சுருளில் அடங்கிய படம். வீட்டுத் தலைவனைப் பொய்ச்செய்தியால் வெளியே அனுப்பிவிட்டுத் திருடர்கள் கதவை உடைக்கின்றனர்; மனைவியும் மகள்களும் அறைக்குள் ஒடுங்குகின்றனர்; தொலைபேசியில் செய்தியறிந்த கணவன் விரைந்து திரும்புகிறான். இதன் மூலம் ஆந்த்ரே தெ லோர்தின் பிரெஞ்சு நாடகமான ‘தொலைபேசியில்’ (1901). அந்நாடகத்தில் மீட்பே இல்லை. தன் குடும்பம் கொல்லப்படுவதைக் கணவன் தொலைபேசி வழியே கேட்டுக்கொண்டிருக்கிறான், திரை விழுகிறது. மீட்பில் முடியும் வடிவைப் பிரான்சின் பாத்தே நிறுவனம் 1908இலேயே படமாக்கிவிட்டது. எனவே இம்முறையைக் கிரிஃபித் கண்டுபிடித்தார் என நூல்தோறும் எழுதப்படுவது பொருந்தாது. அதனை ஓர் இலக்கணமாக வளர்த்தவர் என்பதே தகும்.

அவ்விலக்கணம் எளியது. அறைக்குள் அஞ்சும் பெண்கள், கதவை இடிக்கும் கள்வர், சாலையில் விரையும் கணவன் என மூவிடத்துக் காட்சிகளும் மாறிமாறி வெட்டி ஒட்டப்படுகின்றன. முடிவு நெருங்க நெருங்கத் துண்டுகள் குறுகுகின்றன. தொல்காப்பியர் அச்சம் என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களுள் ஒன்றாகக் கள்வரைக் கூறியிருப்பதை இங்கு நினைவுகூரலாம். ஆயின் திரையில் அச்சம் கொள்வோர் பாத்திரங்கள் மட்டுமல்லர். எல்லாவிடத்தையும் ஒருங்கே காணும் வாய்ப்பு அரங்கில் இருப்போர்க்கே உண்டு. காணலாமே தவிர அவர்களால் ஒன்றும் செய்ய இயலாது. யார் வரவேண்டும், யார் வீழவேண்டும் என்னும் விருப்பம் அவர்களுள் உடலளவிலேயே எழுந்துவிடுகிறது. சிந்தனைக்கு அங்கு நேரமில்லை.

1915

அந்நேரமின்மையின் விலையை 1915இல் வெளிவந்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ காட்டியது. தாமஸ் டிக்சனின் ‘தி கிளான்ஸ்மன்’ (1905) நாவலைத் தழுவிய இப்படம் ஏறத்தாழ மூன்று மணிநேரம் ஓடியது. அதன் உச்சக்கட்டத்தில் ‘தி லோன்லி வில்லா’வின் அமைப்பு பேருருவில் திரும்புகிறது. ஒருபால் வெள்ளையர் சிலர் மரக்குடிலொன்றில் முற்றுகையிடப்படுகின்றனர்; மறுபால் எல்சி என்னும் வெள்ளையினப் பெண் கட்டாய மணத்துக்கு ஆட்படவிருக்கிறாள். கள்வரின் இடத்தில் இப்போது கறுப்பினத்தவர். கணவனின் இடத்தில் குதிரையேறிவரும் கு கிளக்ஸ் கிளான். கறுப்பினப் பாத்திரங்களுள் முதன்மையானவற்றை முகத்தில் கரிபூசிய வெள்ளை நடிகர்களே ஏற்றனர்.

இப்படத்தின் உத்தியைப் போற்றி உள்ளடக்கத்தை மட்டும் கண்டிக்கும் போக்கு திரைப்பட வரலாற்று நூல்களில் வழக்கமாகிவிட்டது. இப்பிரிப்பு ஏற்கத்தக்கதன்று. மீட்பு உத்திக்குக் கதவை இடிக்கும் ஒருவன் எப்போதும் தேவை. அவனுக்கு முகம் மட்டுமே வேண்டும், காரணம் வேண்டுவதில்லை. கொலைக்கும் தீவைப்புக்கும் பேர்போன ஓர் அமைப்பின் வருகைக்காகக் காண்போரை ஏங்கவைத்தது அவ்வுத்தியே. கறுப்பின மக்களின் உரிமைக்கென 1909இல் தோன்றிய தேசியச் சங்கம் நகர்தோறும் எதிர்ப்புத் தெரிவித்தது; பாஸ்டனில் வில்லியம் மன்றோ டிராட்டர் போராட்டத்துக்குத் தலைமையேற்றார்; ஒஹாயோ, கான்சாஸ் மாநிலங்கள் தடைவிதித்தன. எனினும் படம் வெள்ளை மாளிகையிலேயே திரையிடப்பட்டது. மறைந்திருந்த கு கிளக்ஸ் கிளான் அதே ஆண்டின் இறுதியில் ஜார்ஜியாவில் புத்துயிர் பெற்றது.

அடுத்த ஆண்டில் வந்த ‘இன்டாலரன்ஸ்’ முற்படத்துக்கு இயக்குநர் தேடிய கழுவாய் எனச் சிலர் எழுதுவர். அவர் அவ்வாண்டு வெளியிட்ட சிறுநூல் தம்மைத் தணிக்கைக்கு ஆளான பலியாகவே முன்னிறுத்துகிறது; வருத்தம் அதில் இல்லை. ஆயின் படைப்பாளியின் நோக்கைப் படைப்பு கடந்துசெல்லும் இடம் ஒன்று இப்படத்தில் உண்டு. பாபிலோனின் வீழ்ச்சி, இயேசுவின் சிலுவை, 1572இல் பிரான்சில் நிகழ்ந்த ஹ்யூகனாட் படுகொலை, சமகால அமெரிக்கத் தொழிலாளி ஒருவனின் தூக்குத்தண்டனை என நான்கு கதைகள் பின்னிச் செல்கின்றன. தேரில் விரைபவள் பாபிலோனைக் காக்கவில்லை. காதலியைத் தேடிவருவோன் பாரிசில் பிணத்தையே காண்கிறான். நான்காம் கதையில் மட்டும் மோட்டார்வண்டி தொடர்வண்டியை எட்டிப்பிடிக்கிறது. தூக்குக்கயிறு அறுபடுவதற்கு ஒரு கணம் முன்னர் ஆணை வந்துசேர்கிறது. மூன்று தோல்விகளின் நடுவே வைத்துப் பார்க்கையில் அம்மீட்பு, தற்செயல் என்னும் தன் இயல்பை ஒளியாமல் காட்டிவிடுகிறது.

பனிக்கட்டியின் மேல்

1919இல் சாப்ளின், மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் ஆகியோருடன் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனத்தை அவர் தொடங்கினார். அவ்வாண்டின் ‘புரோக்கன் பிளாசம்ஸ்’ படத்தில், தந்தையின் அடிக்கு அஞ்சிச் சிற்றறையில் ஒளிந்த லூசியைக் காக்க வருவோன் காலந்தாழ்ந்தே வருகிறான். அவன் ஒரு சீனன். கதவை இடிப்பவன் வெள்ளையன். நான்காண்டு இடைவெளியில் இவ்விடமாற்றம் நிகழ்ந்தது வியப்புக்குரியது. ஆனால் சீனனாக நடித்தவரும் வெள்ளை நடிகரே.

1920இல் வந்த ‘வே டவுன் ஈஸ்ட்’ லோட்டி பிளேர் பார்க்கரின் பழைய மேடை நாடகம். அதன் உரிமைக்குக் கிரிஃபித் 1,75,000 டாலர் கொடுத்தபோது திரையுலகினர் அவரை ஐயுற்றனர். போலித் திருமணத்தால் ஏமாற்றப்பட்ட அன்னா, பிறந்த குழந்தையைத் தன் கையாலேயே நீர்தெளித்துப் பெயரிட்டு, அதனைச் சாகக் கொடுத்து, விடுதியிலிருந்து துரத்தப்பட்டு, பண்ணையொன்றில் பணிப்பெண் ஆகிறாள். அழுகைக்கு இழிவு, இழப்பு, நிலைகுலைவு, வறுமை என்னும் நான்கு களன்களை நம் இலக்கணம் வகுக்கும். அந்நான்கும் ஒரே பாத்திரத்தின்மீது அடுத்தடுத்து ஏற்றப்படுகின்றன. இதனை மிகை எனத் தள்ளுவது எளிது. லிலியன் கிஷ் குழந்தையின் குளிர்ந்த கைகளுக்கு வெப்பமூட்ட முயலும் காட்சியைக் கண்டபின் அவ்வளவு எளிதன்று.

அவள் கடந்தகாலம் அறிந்த பண்ணைத்தலைவர் அவளை இரவுப் புயலில் வெளியேறப் பணிக்கிறார். அவளைக் கெடுத்தவனோ அவ்வீட்டு உணவு மேசையில் விருந்தினனாக அமர்ந்திருக்கிறான். வெளியேறுமுன் அவள் அவனைச் சுட்டிக்காட்டுகிறாள். ஆபத்து இம்முறை கதவுக்கு வெளியே இல்லை; அறம் பேசும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கிரிஃபித்தின் படங்களுள் மிகையுணர்ச்சி வடிவம் தன் சமூகத்தையே குற்றக்கூண்டில் நிறுத்திய இடம் இதுவென்பது இக்கட்டுரையின் துணிபு. அதன் எல்லையும் குறிக்கத்தக்கது. ஏமாற்றப்பட்டவள் என்று தெரிந்ததனாலேயே அவள் மன்னிக்கப்படுகிறாள். விரும்பிச் சென்றிருப்பாளாயின் இக்கதையில் அவளுக்கு மீட்பில்லை.

ஆற்றுப் பனிக்கட்டிக் காட்சி வெர்மான்ட் மாநிலத்தில் உண்மைக் குளிரிலேயே எடுக்கப்பட்டது. கையும் கூந்தலும் நீரில் தோய மிதக்கலாம் என்பது கிஷ்ஷின் சொந்த யோசனை. அவ்விரல்கள் வாழ்நாள் முழுதும் முன்போல் ஆகவில்லை. அருவி நயாகராவினுடையது, வெட்டி ஒட்டப்பட்டது.

பிந்தைய ஆண்டுகள்

1921இல் வந்த ‘ஆர்ஃபன்ஸ் ஆஃப் தி ஸ்டார்ம்’ படத்தில் கொலைக்கருவியின் கத்திக்கும் நாயகியின் கழுத்துக்கும் இடையே மீண்டும் குதிரைகள் வந்தன. அதன்பின் கடன் பெருகியது. 1924இன் ‘அமெரிக்கா’ கைகொடுக்கவில்லை. தமக்கெனக் கட்டிய படப்பிடிப்புத் தளத்தை இழந்து பிறர் நிறுவனத்தில் பணியேற்றார். பேசும்படக் காலத்தில் ‘ஆபிரகாம் லிங்கன்’ (1930), ‘தி ஸ்ட்ரகிள்’ (1931) என இரண்டே படங்கள். அதற்குப் பின்னர் 17 ஆண்டுகள் அவர் உயிரோடிருந்தார். ஒரு படமும் இயக்கவில்லை. 1936இல் திரைக்கழகம் சிறப்பு விருது அளித்தது.

1948 சூலை 23 அன்று, தனியே தங்கியிருந்த ஹாலிவுட் நிக்கர்பாக்கர் விடுதியில் மூளை இரத்தக்கசிவால் வீழ்ந்த அவர் அன்றே இறந்தார். கென்டக்கியில் மவுன்ட் டேபர் தேவாலய வளாகத்தில் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1953இல் இயக்குநர்கள் சங்கம் தன் உயரிய விருதுக்கு அவர் பெயரைச் சூட்டியது. 1999இல் 1915ஆம் ஆண்டுப் படத்தைக் காரணங்காட்டி அப்பெயரை நீக்கியது.