தென்வானத்தைக் கணக்கெடுத்தவர்

தந்தை உலகப் பிரசித்தி பெற்றவராயிருப்பது மகனுக்குப் பாக்கியமா, பாரமா என்று திட்டமாகச் சொல்ல முடியாது. 1781-ம் வருஷத்தில் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் ஒரே புதல்வரான ஜான் ஹெர்ஷலுக்கு அது இரண்டுமாகவே இருந்தது. 1792 மார்ச்சு 7-ந் தேதி இங்கிலாந்தில் ஸ்லௌ என்னும் ஊரில் பிறந்த அவர், 1813-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணிதப் பரீட்சையில் முதல்வராகத் தேறினார். பிறகு சட்டம் படிக்கப் போனார். ரசாயனத்தில் மனம் லயித்தார். ஆயினும் 1816-ல், முதுமையால் தளர்ந்திருந்த தந்தையின் வேலையைத் தாம் ஏற்பதற்காக வீடு திரும்பினார். பூரண விருப்பத்தோடு திரும்பினார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஏற்ற பின்னர் அதை அரைகுறையாக விடவில்லை.

1822-ல் தந்தை காலமானார். இங்கிலாந்திலிருந்து தெரியும் வானத்தை அவர் துருவித் துருவிப் பார்த்துவிட்டார். அங்கே அடிவானத்துக்குக் கீழே மறைந்து கிடந்த தென்வானமோ எஞ்சியிருந்தது. அதைக் கணக்கெடுப்பதற்காக ஜான் 1833 நவம்பரில் மனைவி மக்களோடு கப்பலேறி, 1834 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையை அடைந்தார். செலவு முழுதும் அவருடையது. கேப் டவுனுக்கு அருகே பெல்ட்ஹௌஸன் என்னும் தோட்டத்தில், 18 அங்குல விட்டமுள்ள கண்ணாடி பொருந்திய 20 அடி நீளத் தூரதிருஷ்டிக் கருவியை நாட்டினார்.

அங்கே அவர் உழைத்துக் கொண்டிருக்கையில், 1835-ல் நியூயார்க் பத்திரிகையொன்று, சந்திரனில் சிறகு முளைத்த மனிதர்களை ஹெர்ஷல் கண்டுபிடித்துவிட்டதாகக் கதை கட்டி விற்றது. பத்திரிகைத் தொழிலைச் சேர்ந்த நாம் இதை வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உண்மையில் அவர் செய்துகொண்டிருந்தது சிறிதும் ஆரவாரமற்ற வேலை. நாலு வருஷத்தில் 1,707 நெபுலாக்களையும் நட்சத்திரக் கொத்துக்களையும், 2,102 இரட்டை நட்சத்திரங்களையும் பதிவு செய்தார். அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் பல மாதங்களைக் கொடுத்தார். அதுவே ஈட்டா ஆர்கஸ் என்று அப்போது வழங்கிய நட்சத்திரத்தைச் சூழ்ந்திருக்கும் பெரிய ஒளிமுகில். சித்திரை மாதத்து முன்னிரவில், தெற்கே அடிவானம் மறைவின்றித் தெரியும் இருளான இடத்தில் நின்றால், நம் தமிழ்நாட்டிலிருந்தும் அதை மங்கிய புகைபோலக் காணலாம். புகைப்படம் தோன்றாத காலமாதலால், கண்ணால் பார்த்ததைக் கையால்தான் எழுத வேண்டும். முதலில் 1,200-க்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் இடங்களை அளந்து குறித்துக்கொண்டு, அவற்றினிடையே ஒளியின் வளைவுகளையும், நடுவே சாவித்துவாரம் போன்ற இருட்பகுதியையும் அவர் வரைந்தார்.

இவ்வளவு பழகிய இடத்தில், 1837 டிசம்பர் 16-ந் தேதி இரவு அவர் திடுக்கிட நேர்ந்தது. ஈட்டா நட்சத்திரம் திடீரென்று ரைஜல் நட்சத்திரத்தையும் மிஞ்சிப் பிரகாசித்தது. 1838 ஜனவரித் தொடக்கத்தில் ஆல்பா ஸென்டாரிக்கு ஈடாகி, பின்னர் மங்கத் தொடங்கியது. மார்ச்சு மாதத்தில் அவர் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். 1843-ல் அந்நட்சத்திரம் நம் அகஸ்திய நட்சத்திரத்தையும் விஞ்சி, சிரியஸ் ஒன்றுக்கே இரண்டாவதாக நின்றது.

காரணம் என்ன? அவருக்குத் தெரியாது, தெரிந்ததாகப் பாசாங்கு செய்யவுமில்லை. நெபுலாக்களெல்லாம் நட்சத்திரக் கூட்டங்களே, போதிய பெரிய கருவி கிடைத்தால் பிரித்துப் பார்த்துவிடலாம் என்ற கட்சி அக்காலத்தில் வலுத்திருந்தது. ஈட்டாவைச் சூழ்ந்த முகிலில் அப்படிப் பிரியும் அறிகுறி எதுவும் தமக்குத் தென்படவில்லை என்று 1847-ல் வெளியிட்ட பெருநூலில் அவர் எழுதி வைத்தார். அவருடைய மேதையைவிட இந்த நேர்மையையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

விடையின் ஒரு பகுதி பாரத நாட்டிலிருந்தே கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில் 1837 அக்டோபரில், நட்சத்திரம் பொங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு, அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பாட்டனாரின் தொழில் பேரனையும் விடவில்லை. நில அளவை இலாகாவில் உத்தியோகம் பார்த்த அந்த இளைய ஜான் ஹெர்ஷல், 1868-ல் பெங்களூரிலிருந்து அதே முகிலை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தார். ஒளிரும் வாயுவுக்குரிய பிரகாசமான கோடுகள் தெரிந்தன.

இன்று நாம் அறிவது இன்னும் அதிகம். ஈட்டா சுமார் 7,500 ஒளிவருஷ தூரத்திலுள்ள ஓர் இரட்டை நட்சத்திரம். இரண்டும் சேர்ந்து சூரியனைப்போல் 100 மடங்குக்கு மேல் கனமுள்ளவை. அதுவும், அருகிலுள்ள பிற பெருநட்சத்திரங்களும் வீசும் கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த கதிர்களே ஹைட்ரஜன் வாயுவைச் செந்நிறமாக ஒளிரச் செய்கின்றன. அவற்றினின்று ஓயாது பாயும் வேகமான காற்று முகிலைக் குடைந்து குகைகளாகவும் மதில்களாகவும் செதுக்குகிறது. ஹெர்ஷல் கண்ட பொங்கலில் ஈட்டா உதறித் தள்ளிய பொருள் பத்துச் சூரியன்களுக்கு மேற்பட்டது. அது இரண்டு குமிழ்களாகி, விநாடிக்குச் சுமார் 650 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது.

அவருடைய பிற்கால வாழ்வைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. புகைப்படத்தை அழியாமல் நிறுத்தும் ஹைப்போவின் உபயோகத்தை 1839-ல் காட்டினார். 1850 முதல் 1855 வரை நாணயசாலைத் தலைவராயிருந்து உடல்நலம் இழந்தார். 1864-ல் 5,079 நெபுலாக்களும் கொத்துக்களும் அடங்கிய பொதுப் பட்டியலை வெளியிட்டார். 1871 மே 11-ந் தேதி காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனுக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.

அந்தச் சமயம் ஈட்டா வெறுங்கண்ணுக்கே தெரியாதபடி மங்கிப் போயிருந்தது. 20-ம் நூற்றாண்டில் அது மெல்ல மெல்ல ஒளி கூடி மீண்டும் கண்ணுக்கு எட்டியது. அதன் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடுவோர் 1837 டிசம்பர் இரவின் குறிப்பை இப்பொழுதும் எடுத்துப் பார்க்கிறார்கள்.