ரகுநாதாசாரியார் கண்ட விண்மீன்

தாமிரபரணியின் இரு கரைகளிலும் எழுந்தருளியிருக்கும் நவதிருப்பதி எம்பெருமான்களின் உற்சவங்கள் பெரும்பாலும் திதியையும் நக்ஷத்திரத்தையும் கொண்டே நிர்ணயிக்கப்படுகின்றன. ஆழ்வார்திருநகரியில் வைகாசி விசாகமும், பக்தர்கள் செய்யும் கிரஹண கால ஸ்நானமும் பஞ்சாங்கத்தை நம்பியே நடப்பவை. அப்பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று பாடுபட்ட பெரியவர் ஸ்ரீ சிந்தாமணி ரகுநாதாசாரியார்.

பஞ்சாங்க கணிதத்தில் வல்ல குடும்பத்தில் தோன்றிய இவர், இளமையிலேயே சென்னை நுங்கம்பாக்கம் வான ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சிறிய உத்தியோகத்தில் அமர்ந்தார். தம் உழைப்பினால் படிப்படியாக உயர்ந்து முதல் உதவியாளரானார். 1861-ல் அந்நிலையத்தின் தலைமையை ஏற்ற நார்மன் போக்ஸன் துரை, நக்ஷத்திரங்களின் ஒளிக்குப் படிகள் வகுத்த வல்லுநர். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஒளி சுமார் இரண்டரை மடங்கு வேறுபடும் என்பது அவர் கணக்கு.

ஒவ்வொரு நக்ஷத்திரமும் உச்சிக் கோட்டைக் கடக்கும் நேரத்தையும் அதன் இடத்தையும் குறித்து வைப்பது ஆசாரியாரின் அன்றாடப் பணி. அப்பணியின்போது, 1867-ஆம் ஆண்டு, தென்வானில் உள்ள ரெட்டிகுலம் என்னும் மண்டலத்தில் ஒரு விண்மீனின் ஒளி நிலையாக இல்லாமல் மாறுவதைக் கண்டார். லண்டன் மாநகரிலிருந்து என்றுமே காணவியலாத விண்மீன் அது. ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த முதல் இந்தியர் என்னும் பெருமை இதனால் அவருக்கு உண்டாயிற்று. ஆர் ரெட்டிகுலி எனப்படும் அந்த விண்மீன் பருத்தும் சுருங்கியும் வருவது. சுமார் 278 நாட்களுக்கு ஒரு முறை அதன் ஒளி வளர்ந்து தேய்கிறது. தேயும் காலத்தில் பிரகாசம் நூற்றுக்கணக்கான மடங்கு குறைந்துவிடும்.

1868 ஆகஸ்டு 18-ல் நிகழ்ந்த பூர்ண சூரிய கிரஹணத்தை ஆராய ஹைதராபாத் சமஸ்தானத்து வனபர்த்திக்குச் சென்றார். 1872-ல் லண்டன் ராயல் வான சாஸ்திர சங்கம் அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது. 1874 டிசம்பர் 9-ல் சுக்கிரன் சூரிய பிம்பத்தின் குறுக்கே சென்ற நிகழ்ச்சியைப் பாமரரும் அறியும்படி, ஒரு பண்டிதர் உரையாடுவது போன்ற சிறு நூலை இயற்றி, ஆங்கிலத்திலும் கன்னடம், உருது முதலிய மொழிகளிலும் வெளியிட்டார்.

இத்தனை கீர்த்தி பெற்றும் அவர் மனம் பஞ்சாங்கத்திலேயே நின்றது. வாக்கியக் கணிதம் நெடுங்காலமாகத் திருத்தப்படாமையால், அது கூறும் கிரகநிலை வானில் காணும் நிலையோடு ஒவ்வாமற் போயிற்று. ஏகாதசியே ஒரு நாள் மாறுவதும் உண்டு. கண்டறிந்து கணிதத்தைத் திருத்துவது சாஸ்திரத்துக்குப் புறம்பானதன்று. கேரள தேசத்துப் பரமேச்வரர் பல்லாண்டுகள் கிரஹணங்களைப் பார்த்து ஆராய்ந்து 1431-லேயே திருக்கணித நூல் செய்தார். அவ்வழியிலேயே ஆசாரியாரும் திருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிட்டார். முன்னோர் அனுஷ்டானத்தை மாற்றலாகாது என்போர் அதனை ஏற்கவில்லை. இன்றும் பல திருக்கோயில்களில் வாக்கிய பஞ்சாங்கமே வழக்கில் உள்ளது. 1880-ல் ஆசாரியார் பரமபதம் அடைந்தார்.

இப்பணி உத்தியோகஸ்தருக்கு மட்டும் உரியதன்று. வங்கத்து ஜெஸ்ஸோரில் கஜானாவில் வேலை பார்த்த ராதாகோவிந்த சந்திரர், திருவோணம் திகழும் கருட மண்டலத்தில் 1918 ஜூன் மாதம் திடீரெனச் சுடர்விட்ட புது விண்மீனைத் தாமாகவே கண்டார். பின்னர் ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றி 37,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பினார்.

தை மாதத் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணியளவில் தாமிரபரணி மணலில் நின்று தெற்கே நோக்குவோர் அகத்திய நக்ஷத்திரத்தை எளிதில் காணலாம். அதற்குக் கீழே, சற்று மேற்கே, ஆசாரியார் கண்ட விண்மீன் இருக்கிறது. அது வெறுங்கண்ணுக்குப் புலப்படாது; ஒளி மிகுந்த காலத்தில் சிறு தொலைநோக்கியும் அதனைக் காட்டும். உற்சவ நாளைப் பஞ்சாங்கத்தில் பார்க்கும் அன்பர்கள், ஒரு முறை வானத்தையும் பார்ப்பது அவருக்குச் செய்யும் கைம்மாறாகும்.