விலைக்கு விற்கப்பட்ட சிறுவன் நாட்டை ஆண்டான்!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலத்துக்கு வரும் வியாபாரிகள் காயை உள்ளங்கையில் கொட்டி, முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். பிறகு பருமனைப் பார்ப்பார்கள். நல்ல பச்சை நிறமும் திரண்ட காயுமாக இருந்தால் விலை ஏறும். வெளுத்து, சிறுத்து இருந்தால் விலை இறங்கும்.

காய்க்கு அப்படி விலை வைக்கலாம். மனிதனுக்கு வைக்கலாமா?

வைத்தார்கள்! பல நூறு ஆண்டுகள் வைத்தார்கள்.

போடிமெட்டு இருக்கும் மலைத்தொடர் வடக்கே மகாராஷ்டிரம் வரை நீண்டு போகிறது. அந்த மலைகளில் விளைந்த ஏலக்காயும் மிளகும் மேற்குக் கரைத் துறைமுகங்களில் கப்பல் ஏறி அரபு நாட்டுக்குப் போயின. அதே கடலில் எதிர்த் திசையில் வந்த கப்பல்களில் மனிதர்களும் சரக்காக வந்தார்கள். ஆப்பிரிக்காவில் அடிமையாக்கப்பட்டவர்கள் அவர்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் மொகலாயப் பாதுஷாவின் தூக்கத்தையே கெடுத்தார். அவர்தான் மாலிக் அம்பர்.

80 கில்டர் விலை

அபிசீனியா என்று அந்நாளில் சொல்லப்பட்ட எத்தியோப்பியாவில், 1548-ஆம் ஆண்டையொட்டி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சாப்பு என்று பெயர். சிறு வயதிலேயே அவன் அடிமையாகிவிட்டான். ஏமன் நாட்டின் மோக்கா துறைமுகத்தில் அவன் விலைபோனான். விலை 80 கில்டர். டச்சு வணிகர் பீட்டர் வான் டென் புரூக்கே இதை எழுதி வைத்திருக்கிறார். அவர் 1617-ல் அம்பரை நேரில் சந்தித்தவர்.

பிறகு பையன் பாக்தாத் நகருக்குப் போனான். அங்கே அவனை வாங்கிய வணிகர் மீர் காசிம், பையன் சூட்டிகையானவன் என்று கண்டுகொண்டார். படிப்புச் சொல்லிக் கொடுத்தார். இஸ்லாத்தில் சேர்த்தார். அம்பர் என்று புதுப் பெயரும் வைத்தார். அம்பர் என்பது கடலிலிருந்து கிடைக்கும் விலையுயர்ந்த வாசனைப் பொருள். பிறந்த வீட்டுப் பெயர் அத்தோடு மறைந்தது.

1570-களின் தொடக்கத்தில் அவனைத் தக்காணத்துக்குக் கொண்டு வந்தார்கள். அகமதுநகரை நிஜாம்ஷாஹி சுல்தான்கள் ஆண்ட காலம் அது. அந்த அரசின் முதலமைச்சர் சங்கீஸ்கான் அம்பரை விலைக்கு வாங்கினார். அவரிடம் ஆயிரம் ஆப்பிரிக்க அடிமை வீரர்கள் இருந்தார்கள். இதில் ஒரு விந்தை என்னவென்றால், சங்கீஸ்கானும் ஆப்பிரிக்கர்தான். அவரும் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர்தான்!

இவர்களை ஹப்ஷிகள் என்று அழைத்தார்கள். ஊரும் உறவும் இல்லாதவன் எஜமானுக்கு உண்மையாக இருப்பான் என்று எண்ணி, சுல்தான்கள் இவர்கள் கையில் வாளைக் கொடுத்தார்கள். திறமை காட்டியவர்கள் தளபதி ஆனார்கள், அமைச்சரும் ஆனார்கள். அமெரிக்கத் தோட்டங்களுக்குக் கொண்டு போகப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கவில்லை. அங்கே அடிமையின் பிள்ளையும் அடிமையாகவே பிறந்தான்.

சொந்தக் கால்

சில ஆண்டுகளில் சங்கீஸ்கான் இறந்தார். அவருடைய மனைவி அம்பருக்கு விடுதலை கொடுத்தார். அம்பர் மணம் செய்துகொண்டார். பீஜப்பூர் அரசில் படைவீரராகச் சேர்ந்தார். அங்கேதான் மாலிக் என்ற பட்டம் கிடைத்தது. தலைவன் என்பது அதன் பொருள். எஜமான் வைத்த பெயருக்கு முன்னால், தாமே உழைத்துப் பெற்ற பெயர் ஒன்று வந்து சேர்ந்தது.

1595-ல் அவர் அகமதுநகருக்குத் திரும்பினார். அப்போது அக்பரின் படை அந்த நாட்டை நெருக்கிக்கொண்டிருந்தது. 1600-ல் கோட்டை வீழ்ந்தது. அதைக் காத்து நின்ற வீராங்கனை சாந்த் பீபி, உள்ளிருந்தவர்களாலேயே கொல்லப்பட்டார்.

நிஜாம்ஷாஹியின் கதை முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். அம்பர் நினைக்கவில்லை. அரச குடும்பத்து இளைஞர் முர்தஸாவைத் தேடிப்பிடித்துப் பட்டம் கட்டினார். தம் மகளையும் அவருக்கு மணம் செய்து கொடுத்தார். முதலமைச்சராக நின்று நாட்டை நடத்தினார்.

பெரிய பீரங்கிப் படையை நேருக்கு நேர் மோதினால் தோல்விதான் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே மராட்டியக் குதிரை வீரர்களைச் சேர்த்தார். அவர்கள் இரவில் பாய்வார்கள். எதிரியின் தானிய வண்டிகளை மடக்குவார்கள். விடிவதற்குள் மலைகளில் மறைந்துவிடுவார்கள். சிவாஜியின் பாட்டனார் மாலோஜியும் தந்தை ஷாஹாஜியும் நிஜாம்ஷாஹி படையில் இருந்தவர்கள். 1610-ல் அம்பரிடம் ஹப்ஷிகள் 10,000 பேரும் தக்காணத்தார் 40,000 பேரும் இருந்ததாக ஆங்கில வணிகர் வில்லியம் ஃபிஞ்ச் குறித்திருக்கிறார்.

அரண்மனையில் ஒரு சொல்

இத்தனை உயர்ந்த பிறகும் பழைய விலைச் சீட்டு அவரை விடவில்லை.

முர்தஸாவுக்குப் பாரசீகப் பெண் ஒருத்தி மூத்த மனைவியாக இருந்தாள். ஒருநாள் அவள் அம்பரின் மகளை அடிமைப் பெண் என்று இழித்துப் பேசினாள். மகள் தந்தையிடம் ஓடி வந்து அழுதாள். அம்பர் சுல்தானையும் அந்த ராணியையும் நஞ்சிட்டுக் கொன்றார் என்று டச்சு வணிகரின் குறிப்பு சொல்கிறது. கொடிய செயல்தான். அதை நியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் நாட்டையே தாங்கி நின்ற மனிதரை அந்த ஒரு சொல் எவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்கும் என்பது இதில் தெரிகிறது.

டில்லியிலும் அதே பேச்சுத்தான். 1605-ல் பட்டத்துக்கு வந்த ஜஹாங்கீர், தம் நாட்குறிப்பில் அம்பரின் கறுப்பு நிறத்தைச் சொல்லிச் சொல்லி வைதார். போரில் பிடிக்க முடியாத ஆளை ஓவியத்தில் பிடித்தார்! 1616-ஐ ஒட்டி அரசவை ஓவியர் அபுல் ஹசன் ஒரு படம் தீட்டினார். ஈட்டி முனையில் அம்பரின் தலை. அதன்மேல் பாதுஷா அம்பு விடுகிறார். உண்மையில் ஜஹாங்கீர் அம்பரை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. அந்தப் படம் இப்போது அயர்லாந்தில் டப்ளின் நகரில் இருக்கிறது.

தண்ணீர் தந்தவர்

1610-ல் அம்பர் கட்கி என்ற கிராமத்தைத் தலைநகராக்கினார். ஜனங்கள் கூடக்கூடத் தண்ணீர் வேண்டுமே! மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சேர்த்து, பூமிக்கு அடியிலேயே கால்வாய் வெட்டி, ஊருக்குள் கொண்டு வந்தார். இயந்திரம் கிடையாது. நிலத்தின் சரிவைக் கணக்கிட்டதே அதன் சூட்சுமம். மலைச்சரிவில் வாய்க்கால் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கணக்கின் அருமை புரியும். பல தலைமுறைகள் அந்தத் தண்ணீரைக் குடித்தன.

நிலங்களை அளந்து, விளைச்சலுக்குத் தக்கபடி வரி விதித்தார். அதனால் குடியானவர்களிடம் நல்ல பெயர் எடுத்தார்.

தோல்விகளும் வந்தன. 1616-ல் மொகலாயப் படை கட்கியை அழித்தது. அவர் மறுபடி தலைதூக்கினார். 1624-ல் பாட்வாடி என்ற இடத்தில் மொகலாயரும் பீஜப்பூராரும் சேர்ந்து வந்தார்கள். அம்பர் ஏரிக்கரையை உடைத்துவிட்டார். எதிரிகளின் பாசறை வெள்ளத்திலும் சேற்றிலும் சிக்கியது. வெற்றி அம்பருக்கே!

1626-ல், எண்பதை நெருங்கும் வயதில் அவர் காலமானார். குல்தாபாத்தில் அவர் சமாதி இருக்கிறது. அவர் இறந்த பிறகு, மொகலாய அரசவை வரலாற்றாசிரியர் முத்தமித்கானே அம்பரின் போர்த்திறனையும் ஆட்சித்திறனையும் மனமாரப் புகழ்ந்து எழுதினார். உயிரோடிருந்தவரை அந்தச் சபையிலிருந்து வசைதான் வந்தது.

அவர் போனபின் நிஜாம்ஷாஹி பத்தே ஆண்டுகள்தான் நின்றது. கட்கியின் பெயரும் மாறியது. அதுவே அவுரங்காபாத் ஆயிற்று. 2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர். அம்பர் வெட்டிய வாய்க்கால் மட்டும் நஹர்-இ-அம்பரி என்று அவர் பெயரையே சொல்கிறது.

அதே மலையில்

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இந்தியாவில் இன்றும் வாழ்கிறார்கள். சித்தி மக்கள் என்று பெயர். குஜராத்தில் இருக்கிறார்கள், ஐதராபாத்தில் இருக்கிறார்கள். போடிமெட்டிலிருந்து வடக்கே போகும் அதே மலைத்தொடரில், வட கன்னட மாவட்டக் காடுகளிலும் இருக்கிறார்கள். அங்கே அவர்கள் பேசுவது கொங்கணியும் கன்னடமும். 2003-ல் மத்திய அரசு அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது.

அவர்களைப் பார்த்து எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று கேட்பவர்கள் இன்னமும் உண்டு. பல தலைமுறையாக இந்த மண்ணில் பிறந்து, உழுது, இறந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். முகத்தின் நிறத்தை மட்டும் பார்த்துக் கேட்கும் கேள்வி அது.

ஏலக்காயை அப்படிப் பார்த்து வாங்கலாம். மோக்கா சந்தையிலும் ஒரு சிறுவனை அப்படித்தான் பார்த்தார்கள். 80 கில்டர் என்று மதிப்புப் போட்டார்கள். அந்த மதிப்பு எவ்வளவு தவறு என்பதை மொகலாயப் பேரரசு பிறகு தெரிந்துகொண்டது.