சேர் றொனால்ட் பிஷர்: எண்களைப் பார்க்கக் கற்றுத்தந்தவர்

மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள் நாம். தொண்ணூறுகளில், குருநகர்க் கடற்காற்றில் அணைந்துவிடாதபடி குப்பி விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு வரைபுத்தாளில் புள்ளியிட்ட தலைமுறை. அந்த இரவுகளை நினைக்கும்போதெல்லாம் இன்னொரு மாணவனின் நினைவும் எமக்கு வரும். அவனுக்கு மின்விளக்கு இருந்தது. ஆனால் அதன் கீழ் படிக்கக்கூடாதென்று தடுத்துவிட்டார்கள். கல்லூரி அன்னையின் நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது, அந்த மாணவனையே தெரிந்தெடுத்தோம்.

றொனால்ட் பிஷர் 1890ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். 1904இல் தாயை இழந்தார். பார்வை மிகவும் குறைவு. ஹறோ பாடசாலையில் இரவு வேளைகளில் கண்ணுக்குக் களைப்பு வராதிருக்க, தாளும் பேனாவும் இல்லாமல் வாய்மொழியாகவே கணிதம் கற்றார். பார்க்க இயலாததை மனத்திரையில் வடிவமாக வரைந்து பார்க்கும் பழக்கம் அப்படித்தான் அவருக்கு வந்தது. கேம்பிறிட்ஜில் படித்து 1912இல் பட்டம் பெற்றார். முதலாம் உலகப் போரில் படையில் சேர விரும்பினார். கண்பார்வை காரணமாக ஏற்கவில்லை. போர்க்காலத்தில் பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றினார்.

1919இல் இங்கிலாந்தின் றொதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1843இல் தொடங்கிய அந்த நிலையத்தில் உரம், மழை, விளைச்சல் பற்றிய எழுபது ஆண்டுக்கும் மேலான பதிவுகள் குவிந்து கிடந்தன. அவற்றைப் படித்தறிவதே அவருக்குக் கொடுத்த வேலை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்திரு என்பது ஆய்வுகூடத்தில் நாமெல்லாம் கற்ற முதற் பாடம். பிஷர் அதைக் கேள்விக்கு உட்படுத்தினார். இயற்கையிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பதைவிடப் பல கேள்விகளைச் சேர்த்து, ஒழுங்காக அடுக்கிக் கேட்பதே நல்லது என்று 1926இல் எழுதினார். அதற்கு அவர் காட்டிய உதாரணம் ஓட்ஸ் பயிர். உரத்தின் அளவு மூன்று: இல்லை, ஒரு பங்கு, இரு பங்கு. உர வகை இரண்டு: அமோனியம் சல்பேற்று, அமோனியம் குளோரைட்டு. இடும் காலம் இரண்டு: முந்தி, பிந்தி. மூன்றையும் இரண்டையும் இரண்டையும் பெருக்கினால் 12 சேர்மானங்கள். அவற்றை 8 தொகுதிகளில் அமைத்து 96 பாத்திகள். எந்தச் சேர்மானம் எந்தப் பாத்திக்கு என்பதைத் தொகுதிக்குள் சீட்டுக் குலுக்குவதுபோல் எழுமாற்றாகத் தீர்மானிக்க வேண்டும். உரமே இடாத பாத்திகளை விட்டால், மற்ற ஒவ்வொரு பாத்தியும் மூன்று கேள்விகளுக்கும் சேர்த்தே பதில் சொல்லும். ஒரே வயல், ஒரே செலவு.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு காரணியின் பயன் மற்றக் காரணியைப் பொறுத்து மாறினால், அதுவும் வெளிப்படும். இதை இடைத்தாக்கம் என்பர். வினிபிரெட் மக்கென்சி என்ற பெண்மணியுடன் சேர்ந்து 1923இல் அவர் வெளியிட்ட உருளைக்கிழங்கு ஆய்வு அந்தக் கேள்வியைத்தான் கேட்டது. 12 இனங்களும் உரத்துக்கு ஒரேவிதமாகப் பலன் தருகின்றனவா? வேறுபடுகின்றன என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே விடை.

கணக்குக்கு முன் கண் என்பதையும் அவர் மறக்கவில்லை. 1925இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற புள்ளிவிபர நூலின் இரண்டாம் அத்தியாயமே வரைபடங்களைப் பற்றியது. படம் எதையும் நிரூபிக்காது; ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்று காட்டும் என்பது அவர் கருத்து.

எங்கள் ஊர்க் கருவாட்டை வைத்தே இதைச் சொல்லலாம். சூடை, பாரை, திரளி என்று மூன்று மீன். உப்பு கூட, குறைய. காயவிடுவது வெயிலில், நிழலில். இங்கும் 12 சேர்மானங்கள். ஒவ்வொன்றிலும் சில மீன்களைக் காயவைத்து எஞ்சிய ஈரத்தை அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உடனே சராசரி எடுத்து ஒரு தூண் வரைந்தால் எல்லாம் மூடுண்டு போகும். வெயிலுக்கு ஒரு கட்டம், நிழலுக்கு ஒரு கட்டம் பக்கத்தில் பக்கத்தில் வரையவேண்டும். நிலைக்குத்து அச்சின் அளவுத்திட்டம் இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். கிடை அச்சில் உப்பு. மீனுக்கு மீன் வேறு குறி. அளந்த ஒவ்வொரு மீனுக்கும் ஒரு புள்ளி இட்டபின்பே சராசரிகளைக் கோட்டால் இணைக்கவேண்டும். கோடுகள் சமாந்தரமாகச் சென்றால் உப்பின் பயன் எல்லா மீனுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றையொன்று வெட்டினால் இடைத்தாக்கம் இருக்கலாம். தனியே விலகி நிற்கும் புள்ளி, பிழையாக எழுதிய எண்ணாகவும் இருக்கலாம், புதிய உண்மையாகவும் இருக்கலாம்.

பிஷரின் முறை இலங்கைக்கும் வந்தது. அவருடன் சேர்ந்து ஓட்ஸ் ஆய்வை 1927இல் வெளியிட்ட ரி. ஈடன், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, தேயிலைத் தோட்டப் பரிசோதனைகளுக்கு அந்த முறையைக் கொண்டுவந்தார். தேநீரோ பிஷரின் எழுத்திலேயே புகழ் பெற்றது. கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று சுவைத்தே சொல்வேன் என்றார் றொதாம்ஸ்டெட்டில் பணியாற்றிய மியூரியல் பிரிஸ்டல். 1935இல் வெளிவந்த பரிசோதனை அமைப்பு நூலில் பிஷர் இதை 8 கோப்பைகளின் கதையாக்கினார். அவற்றில் நான்கைத் தெரிவுசெய்ய 70 வழிகள் உண்டு. ஆகவே குருட்டு ஊகத்தில் முழுவதும் சரியாக வருவது 70இல் ஒரு முறைதான்.

1952இல் சேர் பட்டம் பெற்ற இந்த அறிஞரின் குறைகளையும் வைத்தியராகிய நாம் மறைக்கலாகாது. புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் டொல், ஹில் இருவரும் காட்டினர். புகைக்கும் அளவுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அளவு கூட ஆபத்தும் கூடியது. பிஷர் இதைக் காரணமென ஏற்கவில்லை. இரண்டுக்கும் பொதுவான பரம்பரைக் காரணி இருக்கலாமென்று வாதிட்டார். அவர் தாமே புகைப்பவர். புகையிலை நிறுவனங்களின் ஆலோசகராகவும் இருந்தார். மனிதரைச் சீட்டுக் குலுக்கிப் புகைக்கவைக்க முடியாது. அப்படியான இடத்தில், பிரித்துப் பார்த்த தரவு மீண்டும் மீண்டும் ஒரே திசையைக் காட்டினால் அதற்குச் செவிசாய்க்கவேண்டும். பார்க்கக் கற்றுத்தந்தவரே பார்க்க மறுத்த இடம் அது. நல்ல பரம்பரையைத் தெரிந்து மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற யூஜெனிக்ஸ் கொள்கையிலும் அவர் உறுதியாக இருந்தார். அதனால், அவர் நினைவாகக் கேம்பிறிட்ஜ் கல்லூரியில் பதித்திருந்த வண்ணக் கண்ணாடி யன்னலை 2020இல் கழற்றினர்.

1962 யூலை 29இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் பிஷர் காலமானார்.

நோயாளரின் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்து ஒரு சராசரி எழுதும் வேளைகளில் எமது கை இன்றும் ஒருமுறை தயங்கும். ஆண், பெண், வயது, தொழில் என்று பிரித்துப் புள்ளியிட்டபின்பே மேலே செல்வோம். அந்தத் தயக்கம் பிஷர் தந்தது. புள்ளியிடக் கை பழகியது எமது கல்லூரியில், குப்பி விளக்கு வெளிச்சத்தில். எங்கெங்கோ வாழும் சகோதரிகளே, உங்கள் பிள்ளைகள் சராசரி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், அதற்குள் எத்தனை புள்ளிகள், எத்தனை வகைகள் என்று ஒருமுறை கேளுங்கள்.